படகில் எழுதிய 4.10

பட்டினப்பாக்கம் கரையில் நிற்கிற ஃபைபர் படகுகளில் சாமி பேரோ பிள்ளைகள் பேரோதான் எழுதியிருக்கும். என் படகில் மட்டும் 'அந்தோணியார் துணை' என்பதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ஒரு எண் இருக்கும்: 4.10. புதிதாகப் பார்க்கிறவர்கள் அதை ரெஜிஸ்டர் நம்பர் என்று நினைத்துக்கொள்வார்கள். அது என் நுரையீரல். அதை எழுத வைத்தது என் திமிர். அதை எனக்கே வாசித்துக் காட்டியது என் தங்கை ஜான்சி.

இது ஜான்சியைப் பற்றிய கதை. நடுநடுவே என்னைப் பற்றியும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் பெயர் மரியசெல்வம். எங்கள் மீனவர் சங்கத்து நோட்டீஸ் எல்லாவற்றையும் நான்தான் எழுதுகிறேன். என்னை நுழைக்காமல் எனக்கு எழுத வராது என்று சங்கத்திலேயே புகார் உண்டு.

ஜான்சிக்கு லஸ் பக்கத்தில் ஒரு நெஞ்சுநோய் கிளினிக்கில் வேலை. வருகிறவர்களை ஊத வைப்பதுதான் அவள் உத்தியோகம். மூக்கில் ஒரு கிளிப் மாட்டுவாள், வாயில் ஒரு குழாயைக் கொடுப்பாள், நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கச் சொல்லி ஒரே வீச்சில் வெளியே தள்ளச் சொல்வாள். ஆறு விநாடியாவது விடாமல் ஊத வேண்டும். மெஷின் லிட்டர் கணக்கில் இரண்டு எண்களைக் கொடுக்கும். மொத்தம் எவ்வளவு காற்று வந்தது என்பது ஒன்று. முதல் விநாடியில் மட்டும் எவ்வளவு வந்தது என்பது இன்னொன்று. சிகரெட் மூச்சுக்குழாயைக் கெடுக்க ஆரம்பித்தால் அந்த முதல் விநாடிக் காற்று வருஷத்துக்கு வருஷம் வேகமாகக் குறையும். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரிந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தொண்டை பெரிது. மீன் ஏலத்துக்கு நடுவே வளர்ந்தவர்கள் வேறு எப்படி இருப்போம்? ஜான்சி அந்தத் தொண்டையோடுதான் கிளினிக்குக்குப் போனாள். "ஊது ஊது ஊது! நிறுத்தாத! இன்னும் இன்னும் இன்னும்!" என்று அவள் உள்ளே கத்தினால் வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு மூச்சு வாங்கும். சேர்ந்த முதல் மாதமே மாட வீதியிலிருந்து வந்த ஒரு பெரியவர் டாக்டரிடம் போய், "எங்காத்துல இத்தனை வருஷத்துல யாரும் என்னண்ட இப்படிக் கத்தினதில்லை. நான் என்ன செவிடா?" என்று சண்டை போட்டுவிட்டார்.

டாக்டர் ஹபீபுர் ரஹ்மான் நல்ல மனிதர். கொஞ்சம் மெதுவாகப் பேசும்மா என்று சொன்னார். ஜான்சியும் ஒரு வாரம் பூனை மாதிரி பேசினாள். அந்த ஒரு வாரமும் வந்தவர்கள் எல்லாம் பிறந்தநாள் மெழுகுவத்தியை அணைக்கிற மாதிரி ஊதிவிட்டுப் போனார்கள். பாதி டெஸ்ட்டை மெஷினே தள்ளுபடி செய்துவிட்டது. எட்டாம் நாள் டாக்டர் அவளைக் கூப்பிட்டு, "நீங்க கத்துங்கம்மா, நான் போர்டு வெச்சுடறேன்" என்றார். 'உள்ளே சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். பரிசோதனை நடக்கிறது.' அந்த போர்டு இன்றைக்கும் அங்கே தொங்குகிறது. சண்டை போட்ட அதே பெரியவர் அடுத்த வருஷம் வந்து, "அந்தக் கத்தற பொண்ணு இருக்காளா? அவ இருந்தாத்தான் ஊதுவேன்" என்றாராம். அதை ஜான்சி சொன்னபோது எனக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளத் தோன்றியது. அன்றைக்கு நான் போட்டிருந்தது பனியன்.

யார் முழுசாக ஊதுகிறார்கள், யார் பாதியிலேயே டபாய்க்கிறார்கள் என்று ஊதுகிறவர் தோளைப் பார்த்தே அவள் சொல்லிவிடுவாள். மெஷின் பிறகுதான் சொல்லும்.

அவளுக்கு ஒரு குறை இருந்தது. கிளினிக்குக்கு வருகிறவர்கள் மூச்சு முட்டிய பிறகுதான் வருகிறார்கள். "இழுப்பு வந்தப்புறம் ஊதி இன்னாண்ணா பண்றது?" என்பாள். "தம் அடிக்கிற அல்லாருக்கும் அந்த நோய் வராது. யாருக்கு வரும்னு மூஞ்சியப் பாத்து சொல்ல முடியாது. ஆனா வருஷா வருஷம் ஊதினா சொல்லிடலாம். யாருக்கு மளமளன்னு எறங்குதோ, அவுங்களுக்குத்தான் ஆபத்து. மூச்சு முட்டுறதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே தெரிஞ்சிடும்."

2017-இல், மாதா திருவிழா முடிந்த வாரம், டாக்டரிடம் கேட்டு மெஷினை எங்கள் கோவில் கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டாள். புகைபிடிக்கிறவர்கள் முப்பத்தொரு பேர் வரிசையில் நின்றோம். நான் அப்போது ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட். கங்காதரனும் அப்படித்தான். கங்காதரன் பக்கத்துப் படகுக்காரன். என் சிநேகிதன், என் எதிரி, இரண்டும் அவனே.

நாங்கள் செய்த முட்டாள்தனத்தை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். மெஷின் ஆளுக்கு ஒரு எண் கொடுக்கிறது என்று தெரிந்ததும் அதைப் போட்டியாக்கிவிட்டோம். முதல் விநாடி நம்பர்தான் முக்கியம் என்று ஜான்சி வாய் தவறிச் சொன்னாள், அவ்வளவுதான். யார் முதல் விநாடியில் அதிகம் தள்ளுகிறார்களோ அவர்தான் குப்பத்துக்கு சாம்பியன். கங்காதரன் 3.92 ஊதிவிட்டு மீசையைத் தடவினான்.

நான் உட்கார்ந்தேன். வலை பாறையில் மாட்டினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி எடுக்கிறவன் நான். இருக்கிற காற்றை எல்லாம் விட்டுவிட்டால் மேலே எப்படி வருவது? அதனால் கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் எனக்குப் பழக்கம். ஜான்சி முதல் ஊதலிலேயே கண்டுபிடித்துவிட்டாள். "இன்னாண்ணா, தண்ணிக்குள்ளயா கீற? யாருக்கு மிச்சம் வெக்கிற? அல்லாத்தையும் வுடு!"

மூன்றாவது தடவை எல்லாவற்றையும் விட்டேன். 4.10.

"உன் வயசுக்கும் ஒசரத்துக்கும் 3.40 இருந்தா போதும். உனக்கு நூத்தி இருபது பர்சன்ட் கீது" என்றாள் ஜான்சி. பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்தைத் தாண்டாதவனுக்கு நூறுக்கு நூற்றிருபது! கூடமே கத்தியது. கங்காதரன் கடைக்கு ஓடிப்போய் ஒரு பெரிய பெட்டி சிகரெட் வாங்கிவந்து பரிசாக என் கையில் திணித்தான். நான் அங்கேயே, கோவில் கூடத்து வாசலிலேயே, ஜான்சி பார்க்கப் பார்க்க ஒன்றைப் பற்றவைத்தேன்.

"உங்களுக்கெல்லாம் அறிவு கீதா?" என்றாள். மெஷினைப் பெட்டியில் வைத்து மூடினாள். அன்று அவள் எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் அந்த ரிப்போர்ட்டை சாந்தோமில் ஒரு கடைக்கு எடுத்துப்போய் லேமினேட் பண்ணச் சொன்னேன். வெள்ளையாக உள்ளே போன காகிதம் கரிக்கட்டையாக வெளியே வந்தது. சூடு பட்டால் கறுத்துப்போகிற காகிதமாம் அது. கடைக்காரர் வேளாங்கண்ணி மாதா மேல் சத்தியமாகத் தனக்குத் தெரியாது என்றார். சரி, காகிதம் போனால் போகட்டும் என்று நேராகப் போய் போர்டு எழுதுகிற செம்பியனைக் கூட்டிவந்தேன். படகின் முன்பக்கத்தில், அந்தோணியார் பேருக்குக் கீழே, நாலு அங்குல உயரத்தில் எழுத வைத்தேன்.

அதன் பிறகு ஜான்சி வருஷா வருஷம் கூப்பிடுவாள். "ஒரே ஒரு வாட்டி வந்து ஊதிட்டுப் போண்ணா." நான் படகைக் காட்டுவேன். சாம்பியனுக்கு எதற்கு மறுபரீட்சை? அவள் ஒன்றும் சொல்லாமல் போவாள். கத்துகிறவள் கத்தாமல் போனால் என்ன அர்த்தம் என்று அண்ணன்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

கங்காதரன் கதை வேறு. எனக்குச் சிகரெட் பெட்டி வாங்கிக் கொடுத்தவன், அடுத்த வருஷமே சத்தமில்லாமல் நிறுத்திவிட்டான். வருஷா வருஷம் ஜான்சியிடம் போய் ஊதியும் வந்திருக்கிறான். 2023-இல் ஒரு நாள், இரண்டு பேரும் இன்ஜினைக் கம்பில் கட்டி மணலில் தூக்கிவந்து இறக்கினோம். நான் இடுப்பில் கை வைத்து நின்றேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா சாம்பியன், இளைக்குதா? எனக்கு இப்ப 3.80 கீது. உனக்கு இன்னா கீது? போய் ஊதிட்டு வா, பாக்கலாம்."

தங்கச்சி ஆறு வருஷம் கெஞ்சிப் போகாதவன், கங்காதரன் ஒரு வார்த்தை சொன்னதும் போனேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஜான்சிக்கு அன்றைக்கு முகம் மலர்ந்து போயிற்று. மூக்கில் கிளிப்பை மாட்டிவிட்டு, "மிச்சம் வெக்காத" என்றாள். ஊதினேன். 3.45. இன்னொரு தடவை என்றாள். 3.43. இன்னொரு தடவை. 3.45. அடுத்த தடவை 3.40. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு இரண்டாவது ஊதலிலேயே போய்விட்டது. நான் திரையைப் பார்த்தேன். நூற்றாறு பர்சன்ட், நார்மல் என்று இருந்தது. "பாத்தியா, நார்மல்! நூத்துக்கு மேல!" என்று நான் எழுந்தேவிட்டேன்.

"ஒக்காருண்ணா" என்றாள். காகிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு என்னையும் இழுத்துப் போனாள்.

டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ரிப்போர்ட் நார்மல்தான்மா. பழைய ரீடிங் ஏதாவது இருக்கா?"

"2017 முகாம்ல 4.10 சார். பழைய கம்ப்யூட்டரோட எல்லாம் போச்சு. ஆனா எனக்கு நல்லா ஞாபகம் கீது."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "வயசாக ஆக எல்லாருக்கும் வருஷத்துக்கு இருபத்தஞ்சு முப்பது மில்லி குறையும். 4.10-ல இருந்து 3.45-ன்னா ஆறு வருஷத்துல அறுநூத்தி அம்பது மில்லி. வருஷத்துக்கு நூறுக்கு மேல. அப்படின்னா, இன்னைக்கு நார்மலா இருந்தாலும் நீங்க போற வழி வேற. இப்படியே போனா இன்னும் பத்துப் பன்னண்டு வருஷத்துல படி ஏற முடியாது. நுரையீரல் பெருசா இருக்கறதால இன்னைக்குத் தெரியல, அவ்வளவுதான். ஆனா முன்னாடியும் மூணரைதான் இருந்ததுன்னா கவலையே இல்லை. எவ்வளவு இருந்தது?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஆறு வருஷம் கரை முழுக்க மார்தட்டிய எண் அது. என் மகனுக்குப் பேசத் தெரிவதற்கு முன்னால் அந்த எண் தெரியும். அதைச் சொன்னால் சிகரெட் போய்விடும் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"ஞாபகம் இல்ல சார்" என்றேன். "ஒரு மூணரை இருக்கும்."

டாக்டர் பேனாவை எடுத்தார். 2017-இல் கொடுத்த ரிப்போர்ட் காகிதம் எங்கே என்று கேட்டார். கறுத்துப்போன கதையைச் சொன்னேன். சொல்லும்போது, அது கறுத்துப் போனதே நல்லது என்று மனசுக்குள் ஒரு நிம்மதி. இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஜான்சி டாக்டரிடம் அங்கேயே அரை நாள் லீவு சொன்னாள். ஸ்கூட்டியில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக் கச்சேரி ரோடு வழியாக, சாந்தோம் தாண்டி, நேராகக் கரைக்கு ஓட்டிவந்தாள். கங்காதரனும் இன்னும் நாலைந்து பேரும் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். என் கையைப் பிடித்துப் படகுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"இது இன்னா?"

"அது... சும்மா. செம்பியன் கொஞ்சம் கூட்டி எழுதிட்டான்."

பக்கத்துப் படகுக்குப் பெயின்ட் அடிக்க வைத்திருந்த உப்புத்தாளை எடுத்து என் கையில் வைத்தாள். அப்புறம்தான் கிளினிக் தொண்டையைத் திறந்தாள். லூப் ரோட்டில் மீன் விற்கிறவர்கள் எல்லாம் எழுந்து பார்த்தார்கள்.

"அப்போ அழி! நான் ஜெயிக்கல, ஆறு வருஷமா வுட்டது அல்லாம் உடான்ஸு, கங்காதரன்தான் சாம்பியன்னு இவுங்க முன்னாடி சொல்லிட்டு அழி! அழிச்சிட்டு எவ்ளோ தம் வேணாலும் அடி, நான் இனிமே ஒரு வார்த்த கேக்க மாட்டேன்!"

கங்காதரன் கிண்டல் பண்ணுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் வலையைக் கீழே வைத்துவிட்டு நின்றான்.

உப்புத்தாளை அந்த 4 மேல் வைத்தேன். இரண்டு தேய்ப்பு போதும். அப்புறம் நான் சுதந்திரமான மனிதன். கை போகவில்லை. அந்த எண்ணை நான் உண்மையாகவே ஊதினேன். என் வாழ்க்கையில் நான் மிச்சம் வைக்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான். அதைப் பொய் என்று என் வாயால் சொல்ல முடியவில்லை.

"மெய்தான்" என்றேன். "4.10 தான். நீ சொன்னது சரி."

ஜான்சி அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதாள். முப்பத்தைந்து வயசுப் பெண், பெரிய பெரிய ஆட்களை எல்லாம் ஊத வைக்கிறவள், சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். "இத்த அங்கயே சொல்றதுக்கு இன்னாண்ணா?" என்றாள். ஆறு வருஷமாக அந்த எண்ணை நான் வெறுமனே படகில்தான் சுமந்திருக்கிறேன். அவள் அதை நெஞ்சில் சுமந்திருக்கிறாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து படகை போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினாள். எங்களுக்கெல்லாம் பெயின்ட் அடித்துத் தருகிற செம்பியன் வந்து, எழுதிய வருஷத்தையும் சேர்த்து சாட்சி சொன்னான். அந்த கிளினிக்கில் எல்லோர் ஃபைலிலும் பழைய ரிப்போர்ட் இருக்கும். என் ஃபைலில் ஒரு படகு இருக்கிறது.

"போனது திரும்பி வராதுண்ணா, அத்த முன்னாடியே சொல்லிடறேன்" என்றாள். "இனிமே போறத நிறுத்தலாம்."

நிறுத்தினேன் என்று ஒரே வரியில் எழுதினால் என் வீட்டுக்காரி சிரிப்பாள். மூன்று தடவை தோற்றேன். கிளினிக்கில் கொடுத்த சூயிங்கத்தை மென்று மென்று தாடை வலித்தது. வலையை எறிந்தேன், தட்டை எறிந்தேன், கங்காதரனிடம் இரண்டு மாதம் பேசவில்லை. நாலாவது தடவை, 2023 கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் விட்டது, இன்று வரை தொடவில்லை.

2025-இல் மறுபடி போய் உட்கார்ந்தேன். ஜான்சி கிளிப்பை இரண்டு தடவை தவறவிட்டாள். அன்றைக்கு அவள் கத்திய கத்தலுக்கு அந்த போர்டு போதாது. வெளியே இருந்த ஒரு அம்மா கதவைத் திறந்தே பார்த்துவிட்டார்.

3.40.

"ரெண்டு வருஷத்துல அம்பது மில்லி" என்றார் டாக்டர். "மெஷின் தடுமாற்றமே அவ்வளவு இருக்கும். குறையலைன்னே வெச்சுக்கலாம். இப்போ நீங்க எல்லாரையும் மாதிரி வயசாகறீங்க, வாழ்த்துகள்." அப்புறம் ஜான்சியைக் காட்டிச் சொன்னார்: "அன்னைக்கு நான் பார்த்தது ஒரு நாள் ரிப்போர்ட்டை. இவங்க பார்த்தது உங்களுக்கு வரப்போற பத்து வருஷத்தை." எனக்கு நெஞ்சு விம்மியது. இந்த நெஞ்சுக்குள் எவ்வளவு காற்று கொள்ளும் என்று எண்ணால் சொல்லலாம். அன்றைக்கு உள்ளே இருந்த பெருமையை அளக்க ஜான்சியிடமும் மெஷின் இல்லை.

இப்போது கோவில் கூடத்தில் வருஷா வருஷம் முகாம் நடக்கிறது. போட்டியை நாங்கள் விடவில்லை, போட்டி இல்லாமல் எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள். விதியை மட்டும் ஜான்சி மாற்றிவிட்டாள். யார் அதிகம் ஊதுகிறார்கள் என்று பார்ப்பதில்லை, போன வருஷத்தைவிட யாருக்குக் குறைவாக இறங்கியிருக்கிறது என்று பார்க்கிறோம். பரிசு ஒரு முழு வஞ்சிர மீன். இந்த வருஷம் ஒருத்தருக்கு வேகமாக இறங்குவதைப் பிடித்தாள். அவருக்கு இன்னும் இருமல்கூட வரவில்லை. மூச்சு முட்டுவதற்கு முன்பே சொல்ல வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாளே, அது எங்கள் குப்பத்தில் நடந்துவிட்டது.

போன மாதம் படகுக்குப் பெயின்ட் அடித்தோம். செம்பியன் பிரஷ்ஷோடு நின்று, "4.10-ஐ எடுத்துட்டு 3.40 போட்டுடவா?" என்றான். எடுக்காதே என்றேன். அதற்குக் கீழே 3.45, அதற்குக் கீழே 3.40, மூன்றையும் வருஷத்தோடு எழுதச் சொன்னேன். தன் படகில் இறங்குமுகமாக எண்களை எழுதி வைத்திருக்கிற ஒரே ஆள் இந்தக் கரையில் நான்தான். கேட்கிறவனுக்கெல்லாம் உட்கார வைத்து விளக்குகிறேன். பாதிப் பேர் தப்பித்து ஓடுகிறார்கள், மீதிப் பேர் போய் ஊதுகிறார்கள்.

கடைசியில் இன்னும் ஒரு வரி எழுதச் சொன்னேன். 'அளந்தது: ஜான்சி.'

வேலை விட்டு வரும்போது ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு மணலில் இறங்கி வந்தாள். எழுத்து எழுத்தாகப் படித்தாள். கண் கலங்கியது எனக்குத் தெரிந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாண்ணா இது, உன் நம்பரு நாலு இஞ்ச்சு, என் பேரு இத்துனூண்டு கீது?"

செம்பியன் டப்பாவை மறுபடி திறந்தான். இப்போது லூப் ரோட்டில் பைக்கில் போகிறவர்களே அவள் பேரைப் படித்துவிட்டுத்தான் போகிறார்கள்.